முழுசாகக் கூடாத ஒரு துவக்கு

தம்பி,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து இன்றோடு நான்கு நாள். முதல் நாள் பேனை தேடுவதிலேயே போனது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் ஐந்து நிமிட வேலை என்று அம்மா சொல்கிறார். ஆனால் பேசத் தொடங்கினால் நான் பாதியில் ஒரு பகிடியைச் சொல்லி நழுவிவிடுவேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுத்தில் நழுவுவது கொஞ்சம் கடினம். அதனால், ஓ-லெவலில் தமிழைத் தவிர எல்லாப் பாடத்திலும் மூக்குடைபட்டவன், இருக்கிற ஒரு பாடத்தை நம்பி இதை எழுதுகிறேன்.

உன் தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்குக்கு மூன்று நாள் இருக்கையில் நான் காரை எடுத்துக்கொண்டு சிட்னிக்குப் போனேன். நீ போனில் கேட்டாய்: "அப்பா, சீரியஸ்லி? சின்னனில எனக்கு ஒரு வாட்டர் கன் வைச்சிருக்க விடாத ஆள் நீங்கள். இப்ப என்ர வெடிங் கிழமையில ஒரு கன்னைப் பார்க்க ஒன்பது மணித்தியாலம் ட்ரைவ் பண்ணுறீங்களா?" நான் பெற்றோல் அடிக்க வேண்டும் என்று போனை வைத்தேன். டாங்க் நிறைய இருந்தது. உன் ஆறாவது பிறந்தநாளுக்கு வந்த அந்தச் செம்மஞ்சள் தண்ணீர்த் துவக்கை நான் குப்பைத் தொட்டியில் போட்டதும், நீ தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுததும் எனக்கு மறக்கவில்லை. உனக்குக் காரணம் சொல்லாமல் செய்தது பிழை. அதைவிடப் பெரிய பிழை, பிறகு பல வருடம் "கெவினின்ர கராஜ் திருத்தப் போறன்" என்று உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டுப் போனது. ஒரு கராஜைத் திருத்த எத்தனை வருடம் எடுக்கும் என்று நீ ஒருமுறை கேட்டாய். பெரிய கராஜ் என்றேன்.

கெவினை உனக்குத் தெரியும். டண்டினொங்கில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் எனக்கு மேலாள். இழுவை வண்டிகளுக்கு அச்சு கடையும் லேத் மெஷினில் நானும், எனக்குப் பின்னால் நின்று குறை சொல்ல அவனும். ஒல்லியான உடம்பு, எப்போதும் மூக்கு நுனியில் கண்ணாடி. என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பை வாங்கித் தின்றுவிட்டுத் தன் சாண்ட்விச்சைத் தருவான். நட்டம் எப்போதும் எனக்குத்தான். அவன் பேசியது இங்கிலிஷ்தான், ஆனால் என் மண்டைக்குள் அது நம் தமிழில்தான் பதிந்திருக்கிறது. 'மேட்' என்று அவன் சொன்னதெல்லாம் எனக்கு 'மச்சான்'. அப்படியே எழுதுகிறேன்.

அவனோடு ஏழு வருடம் வேலை செய்த பிறகுதான் முதல்முறை வீட்டுக்குக் கூப்பிட்டான். கராஜுக்குள் நிலத்தோடு பூட்டிய ஓர் இரும்பு அலுமாரி. திறந்தான். உள்ளே வரிசையாகத் துவக்குகள். எல்லாம் பழைய பட்டாளத்துத் துவக்குகள், அதிலும் மேலே கண்ணாடிக் குழல் வைத்துத் தூரத்திலிருந்து ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துச் சுடுகிற வகை. ஸ்னைப்பர் ரைபிள். சட்டப்படி லைசன்ஸ், போல்ட்டைக் கழற்றி வேறு பெட்டியில், குண்டு என்று ஒன்றுகூட வீட்டில் இல்லை, பொலிஸ் வந்து சரிபார்த்துவிட்டுப் போகும். இதையெல்லாம் அவன் விளக்கிக்கொண்டிருக்கையில் நான் என் காருக்குள் இருந்தேன். எப்படி அங்கே வந்தேன் என்று தெரியவில்லை. இரண்டு வருடம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. கெவின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்பை மட்டும் நிறுத்தாமல் தின்றான்.

பிறகு ஏன் போனேன்? கரண்டிகள் வைக்கிற குசினி லாச்சி உடைந்துவிட்டது, இழுக்க வரவில்லை, திருத்தித் தருவாயா என்றான். உன் படிப்பு மேசையைச் செய்ததிலிருந்து மர வேலையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக எங்கேயும் போவேன். லாச்சியைத் திருத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கையில் அவன் ஒரு கதை சொன்னான். அந்தக் கதைதான் என்னைப் பிடித்தது.

அந்த அலுமாரியில் இருந்த ஒரு துவக்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியத் துவக்கு. அந்த வகையில் ஒவ்வொரு துவக்குக்கும் அதற்கென்றே ஒரு ஸ்கோப்பைத் தொழிற்சாலையிலேயே பொருத்திப் பார்த்துக் கொடுப்பார்களாம். அந்த ஸ்கோப்பின் இலக்கத்தைத் துவக்கின் பிடங்கில், அதாவது தோளில் வைக்கிற மரத்தின் கழுத்துப் பகுதியில், அடித்து வைப்பார்கள். போர் முடிந்து துவக்கு ஒரு பக்கம் விற்றுப்போகும், ஸ்கோப் இன்னொரு பக்கம் போகும். பிரிந்த சோடி மறுபடி சேர்வதென்பது, கடலில் போட்ட மோதிரம் மீனில் வருவது மாதிரி. கெவின் துவக்கை மட்டும் வைத்திருந்தான். ஒருமுறை பழைய துவக்குகளின் கண்காட்சியில் அதை மேசையில் வைத்திருந்தபோது, சிட்னியிலிருந்து வந்த டெறிக் என்ற ஒரு ரெயில் சாரதி அந்த மரத்தில் இருந்த இலக்கத்தைப் பார்த்தார். கெவினின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து சிட்னியிலிருந்து போன் வந்தது. "அந்த இலக்கத்தை இன்னொருக்கா வாசி. ஒவ்வொண்டா வாசி." கெவின் வாசித்தான்: ஒன்று, எட்டு, பூச்சியம், ஆறு, மூன்று. "அது என்ர மேசையில கிடக்குது" என்றார் டெறிக்.

சேர்த்துவிட வேண்டியதுதானே, தம்பி? நானும் அதைத்தான் கேட்டேன். கெவின் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தான். "நான் அவனிட்டக் கேட்டன், அவன் என்னட்டக் கேட்டான். ரெண்டு பேரும் குடுக்கமாட்டம் எண்டுட்டம். ரெண்டு பேரும் சிரிச்சம்." பிறகு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். யார் முதலில் சாகிறானோ, அவனுடைய பாதி மற்றவனுக்கு. அதுவரை வருடத்துக்கு ஒருநாள், இலைகள் விழத் தொடங்குகிற காலத்தில் ஒரு ஞாயிறு, டெறிக் ஸ்கோப்பை அதன் தகரப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு ரெயிலில் மெல்பேர்ன் வருவார். இரண்டு திருகாணிகளை முறுக்கிப் பொருத்துவார்கள். பின்னேரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கழற்றி, அவர் தன்னுடையதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரெயில் ஏறிவிடுவார். "அது முழுசா ஒருத்தனிட்ட இருக்குதெண்டா, மற்றவன் இல்லையெண்டு அர்த்தம், மச்சான்." இப்படிச் சொல்லிவிட்டு இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துத் தேத்தண்ணிக்குள் தோய்த்தான்.

நான் நாற்பத்தெட்டு வயதுவரை அப்படி ஒரு சிநேகிதத்தைப் பார்த்ததில்லை. என்னுடைய சிநேகிதங்களெல்லாம் எதையாவது சேர்ப்பதற்காக வந்தவை: சீட்டு, கோயில் திருவிழா, கிரிக்கெட் குழு. இவர்கள் ஒன்றைச் சேர்க்காமல் வைத்திருப்பதற்காகச் சிநேகிதர்களாக இருந்தார்கள். பிறகு கெவினோடு, பழைய துவக்குச் சேர்க்கிறவர்களின் சங்க மண்டபத்துக்கும் சில தடவை போனேன். அங்கே ஒரு ஜெர்மன்காரர். அவருடைய தகப்பன் அந்தப் பக்கம் நின்று சண்டை பிடித்தவர். தன் தகப்பனைச் சுடுவதற்கென்றே செய்த துவக்கை அவர் மடியில் வைத்துத் துணியால் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், கைக்குழந்தைக்குப் போடுவது மாதிரி. பக்கத்தில் இருந்த கெவின், அவருடைய தகப்பன் பக்கத்துத் துவக்குக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பேசியது முழங்கால் வலியைப் பற்றி. நான் வாயைத் திறந்தபடி நின்றேனாம். தேத்தண்ணி கொண்டுவந்தவர் என்னைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

இனி என் மகத்துவத்தைக் கேள். நீ பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம், அந்தத் துவக்கின் பிடங்கில் ஒரு வெடிப்பு விழுந்தது. கெவின் மரத்தை மட்டும் தனியாகக் கழற்றி, குளிக்கிற துவாயில் சுற்றி, என் கையில் தந்தான். அதில் கன்னம் வைக்கிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. யாரோ ஒரு பெயர் தெரியாத பட்டாளத்துக்காரனின் கன்னம் தேய்த்த பள்ளம். "வெடிப்பை மட்டும் ஒட்டு. வேற ஒண்டும் செய்யாத" என்றான். நான் வெடிப்பை ஒட்டினேன். என் வாயால் சொல்லக்கூடாது, ஆனால் அப்படி ஓர் ஒட்டு மெல்பேர்னில் வேறு யாரும் ஒட்டியிருக்கமாட்டார்கள். ஒட்டி முடிந்ததும் பார்க்கிறேன், மற்ற இடமெல்லாம் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு, கறுப்புக் கறுப்பாக அழுக்கு, கீறல். நம் ஆட்களின் குணம் தெரியும்தானே. ஒரு பொருளைத் திருத்தக் கொடுத்தால் மினுக்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்த மாதிரி இராது. சாண்ட்பேப்பரை எடுத்தேன். முழு மரத்தையும் தேய்த்தேன். கழுத்துப் பக்கத்தில் ஏதோ கறுப்பாக ஊறிக் கிடந்த இடத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தேன். மூன்று பூச்சு வார்னிஷ். அம்மா பார்த்துவிட்டு, "கதிரைக் கைப்பிடி மாதிரி வடிவா வந்திருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கெவின் துவாயை விரித்தான். வெடிப்பைப் பார்க்கவில்லை. அவனுடைய பெருவிரல் நேராகக் கழுத்துப் பகுதிக்குப் போனது. அங்கே அங்குமிங்கும் அசைந்தது. இருட்டில் சுவிட்சைத் தேடுகிற விரல் மாதிரி. பிறகு நின்றது.

"இஞ்ச ஒரு இலக்கம் இருந்தது."

"அழுக்கெண்டு நினைச்சன்" என்றேன்.

கதையை நான் பத்துத் தரம் கேட்டிருந்தேன், தம்பி. ஒன்று, எட்டு, பூச்சியம், ஆறு, மூன்று என்று தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் அந்த இலக்கம் எங்கள் கார் நம்பர் பிளேட் மாதிரிப் பெரிதாகப் பளிச்சென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். நகக் கீறல் அளவில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. துவக்கையும் ஸ்கோப்பையும் பிடித்து வைக்கிற இரும்பிலும் இலக்கம் இருக்குமாம், ஆனால் அது எப்போதோ மாறிப்போனது. அந்த இரண்டும் சோடி என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த மரம்தான். அதை நான் கதிரைக் கைப்பிடி ஆக்கிவிட்டேன். கெவின் கத்தவில்லை. "நீ இப்ப போ, மச்சான்" என்றான். நான் போனேன். வீட்டில் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. உனக்குச் சோதனை என்று எனக்குக் கவலை என அம்மா ஊரெல்லாம் சொன்னார்.

நான்காம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வருவதே ஆபத்து. தொழிற்சாலையில் இலக்கம் அடிக்கும் பஞ்ச் இருக்கிறது, என் கையில் வேலை இருக்கிறது. முதலில் மாதிரிக்கு ஒரு பழைய மரத்துண்டை எடுத்து அந்த ஐந்து இலக்கத்தையும் அடித்தேன். தேயிலைச் சாயம், கிறீஸ், கொஞ்சம் புகைக்கரி. மதிய இடைவேளையில் கெவினின் முன்னால் வைத்தேன். அவன் அதைக் கையில் எடுத்தான், வெளிச்சத்தில் பிடித்தான், பெருவிரலால் தடவினான். நெடுநேரம் வைத்திருந்தான். அவனுக்கும் ஆசை வந்தது. பொய் சொல்லவில்லை, அவன் முகத்தில் நான் பார்த்தேன்.

"ஒரிஜினல் மாதிரியே கிடக்கு" என்றான்.

"பிடங்கிலயும் இப்பிடியே அடிச்சுத் தாறன். அதே இலக்கம்தானே. அதே மரம்தானே. இதில என்ன பொய் இருக்கு? நீங்கள் டெறிக்குக்கு முன்னால வையுங்கோ, அவருக்குத் தெரியவே வராது."

"ஓம். தெரியவராது. நான் வைச்சா அவன் நம்புவான். அதுதான் பிரச்சினை."

துண்டை என் பைக்குள் போட்டுவிட்டு எழும்பினான். "சனிக்கிழமை சிட்னிக்குப் போறம். நீயும் வாறாய். உன்ர வாயால சொல்லு."

மரத்தைத் துவாயில் சுற்றிப் பின் சீற்றில் வைத்துக்கொண்டு போனோம். ஒன்பது மணித்தியாலம் நான் ஒரு மன்னிப்பு வசனத்தைப் பாடமாக்கினேன். வரி அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தில் இருந்த நல்ல இங்கிலிஷ் அது, 'சின்சியர்லி ரிகிரெட்' என்றெல்லாம் வரும். கெவின் பாதி வழியில், "அதை இன்னொருக்கா சொன்னியெண்டா இறக்கி விட்டிடுவன்" என்றான். டூங்கபியில் டெறிக்கின் வீட்டுக் கதவு திறந்தது. வாசலை நிறைத்துக்கொண்டு ஓர் ஆள், கையில் ஊன்றுகிற பொல்லு. நான் பாடமாக்கியதெல்லாம் பறந்துவிட்டது. "நான்தான் இலக்கத்தை அழிச்சனான்" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவர் மரத்தை வாங்கிக்கொண்டு குசினி மேசையில் உட்கார்ந்தார். கழுத்தைத் தடவினார். கெவினைப் பார்த்தார். கெவின் நிலத்தைப் பார்த்தான். அந்த மேசையில் தகரப் பெட்டி இருந்தது, உள்ளே ஸ்கோப். நேற்றுவரை அதற்கு ஒரு துவக்கு இருந்தது. இனி அது ஒரு பழைய குழாய், கெவினிடம் இருப்பது ஒரு பழைய துவக்கு. இரண்டு கிழவர்களை வருடத்தில் ஒருநாள் ஒரே மேசையில் இருத்திய காரணத்தை நான் சாண்ட்பேப்பரால் துடைத்துவிட்டேன். வெடிப்பிலிருந்து வார்னிஷ் வரை நடந்ததைக் கெவின் சொன்னான்.

"வெடிப்பு எங்க?" என்றார் டெறிக்.

நான் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், பெரிதாக்கும் கண்ணாடி வைத்துப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. "இவ்வளவு நல்லா ஒட்டத் தெரிஞ்ச ஆள் ஏன் மற்றதைச் செய்தனீ?"

"வடிவாக்கத்தான், ஐயா."

முதலில் கெவினின் தோள் குலுங்கியது. பிறகு டெறிக்கின் வயிறு. இரண்டு பேரும் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சிரித்து முடிந்து டெறிக் கண்ணைத் துடைத்தார். துடைத்தது சிரிப்பினால் மட்டும் இல்லை. "இவ்வளவு நாளும் மரம் சாட்சி. இனி ஆர் சாட்சி?" என்று தனக்குள் கேட்டார். நான் செய்த அந்தப் போலித் துண்டைப் பற்றிக் கெவின் தானாகவே சொன்னான். நான் பையிலிருந்து எடுத்து வைத்தேன். டெறிக் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இதை என்னட்டக் கொண்டுவந்து காட்டின படியால உங்களை விடுறன்" என்று குசினிக் குப்பைக்குள் போட்டார்.

பிறகு ஒரு வெள்ளைத்தாள் எடுத்தார். நடந்ததை அப்படியே எழுதினார்: இந்தத் துவக்கின் மரத்தில் இந்த இலக்கம் இருந்தது, நாங்கள் இருவரும் பல வருடம் பார்த்தோம், இதை அழித்தவர் கீழே கையெழுத்திடுகிறார். என் முழுப்பெயரையும் எழுதச் சொன்னார். இங்கிலிஷில் இருபத்தாறு எழுத்து. "இது பேரோ, ரெயில் பெட்டிகளோ?" என்று இரண்டாவது வரி விட்டுத் தந்தார். "அழிச்ச ஆள்தான் நல்ல சாட்சி. தன்ர பிழையை ஆரும் சும்மா ஒத்துக்கொள்ள மாட்டினம். இனி ஒவ்வொரு வருஷமும் நீயும் அந்த மேசையில இருக்கவேணும்." என் வாழ்க்கையில் நான் கையெழுத்திட்ட தாள்களில், உன் பிறப்புப் பதிவுக்கு அடுத்தபடியாக, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதியது அதைத்தான்.

அன்று பின்னேரம் டெறிக் ஸ்கோப்பை என் கையில் தந்து கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போனார். நான் அதுவரை ஒன்றைக்கூடக் கண்ணில் வைத்துப் பார்த்ததில்லை. வைத்தேன். மங்கலான மஞ்சள் வெளிச்சம், நடுவில் ஊசி மாதிரி ஒரு கம்பி. வேலிக்கு அப்பால் தூரத்து வீட்டில் ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாயில் ஒரு கிளிப்பைக் கவ்வியிருந்தார். பச்சை நிறக் கிளிப். அவருக்கு நான் இருப்பதே தெரியாது. நான் அப்படியே புல்லில் குந்திவிட்டேன்.

உனக்கு நான் சொல்லாத ஒன்றை அன்றைக்கு அந்த இரண்டு பேரிடம் சொன்னேன். எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊருக்கும் ஆமி முகாமுக்கும் நடுவே ஒரு வெளி. குனிந்துகொண்டு வேகமாகச் சைக்கிளில் கடக்க வேண்டும். அதற்கு முந்தின கிழமை, எனக்குக் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் அந்த இடத்தில்தான் விழுந்தவர். ஒரேயொரு வெடி. நான் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன், நடு வெளியில் என் சைக்கிள் சங்கிலி கழன்றது. எந்தப் புத்தியுள்ளவனும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். நான் முழங்கால் ஊன்றிச் சங்கிலியைப் போட்டேன். நழுவியது, மறுபடி போட்டேன், கிறீஸ் கையைக் காற்சட்டையில் துடைத்தேன், மறுபடி போட்டேன். பிறகு ஏறிப் போனேன். பாணும் வாங்கினேன். அன்றைக்கு அங்கே யாரும் காவலுக்கு இல்லை என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். டெறிக்கிடம் கேட்டேன்: "முந்நூறு யார் தூரத்தில இதுக்குள்ளால சங்கிலி தெரியுமோ?"

"சங்கிலி தெரியாது" என்றார். "ஒருத்தன் குனிஞ்சு என்ன செய்யிறான் எண்டு விளங்கும்."

மாஸ்டரைச் சுட்டவன் அன்றைக்கும் அங்கே இருந்திருக்கலாம், தம்பி. இந்த ஊசிக் கம்பியின் நுனியில் என்னை வைத்துக்கொண்டு, இந்த மடையன் சங்கிலியைப் போட்டு முடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். நீ, உன் தங்கை, இந்த வீடு, நாளை நீ கட்டப்போகிற தாலி, எல்லாம் யாரோ ஒருவன் விரலை மடக்காமல் விட்டதில் வந்திருக்கலாம். கெவின் கேட்டான்: "அவன் ஆரெண்டு தெரிஞ்சா என்ன செய்வாய்?" "ஒரு தேத்தண்ணி குடுப்பன்" என்றேன். "குடுத்துப்போட்டு மாஸ்டரைப் பற்றிக் கேப்பன்." இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

அதற்குப் பிறகு பத்து வருடம், வருடத்துக்கு ஒரு ஞாயிறு, கெவினின் கராஜில் மூன்று கதிரை. உன் அம்மாவின் இடியப்பத்தை டெறிக் கரண்டியும் முள்ளுமாய்ப் போராடித் தின்பார். என்னைத் துவக்குக்குக் கிட்ட விடும்போதெல்லாம் கெவின் என் சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பான், சாண்ட்பேப்பர் இருக்கிறதா என்று. போன வருடம் அவனுக்கு மூச்சு இளைத்தது. ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னது இதுதான்: "டெறிக்கைத் தனிய பொருத்த விடாத." அவன் போய், கடதாசி வேலைகள் எல்லாம் முடிந்து, லைசன்ஸ் உள்ள வியாபாரி மூலமாகத் துவக்கு டெறிக்கின் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாள் உன் பொன்னுருக்குக் கிழமையில் விழுந்தது. அந்தத் தேதியை நான் குறிக்கவில்லை. பொன்னுருக்குக்கு முந்தின பின்னேரமே திரும்பி வந்துவிட்டேன்தானே, தேங்காய் உடைத்ததும் நான்தானே. அதுகூட இரண்டாம் அடியில்தான் உடைந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

டெறிக்குக்கு இப்போது எண்பத்தொன்று. விரல்கள் மடங்காது. மேசையில் துவக்கும், பக்கத்தில் தகரப் பெட்டியும். "நீ பொருத்து" என்றார். பத்து வருடமும் நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த வேலை. ஸ்கோப்பை வைத்தேன், இரண்டு திருகாணியையும் முறுக்கினேன். பொருந்தியது. முப்பது வருடம் இரண்டு பேர் ஆசைப்பட்டது முழுசாக, ஒரே மேசையில், ஒரே ஆளுக்குச் சொந்தமாகக் கிடந்தது. அதைப் போல் வடிவான ஒரு பொருளை நான் கண்டதில்லை. அவரால் பார்க்க முடியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போய்க் கேத்தலைப் போட்டேன்.

"கழற்று" என்றார்.

"இப்பதானே..."

"கழற்று எண்டுறன்."

கழற்றினேன். அவர் ஸ்கோப்பைத் தகரப் பெட்டியில் வைத்தார். அந்தக் கையெழுத்துத் தாளை மடித்து மேலே வைத்தார். மூடினார். பெட்டியை மேசைக்கு மேலால் என் பக்கம் தள்ளினார்.

"இதுக்கு லைசன்ஸ் தேவையில்லை. வாற வருஷம் கொண்டு வா. அதே ஒப்பந்தம். ஆர் முதல் போறமோ, மற்றாளுக்கு."

"நானோ? நான்தானே அந்த இலக்கத்தை..."

"ஓம். நீதான். தேத்தண்ணியைக் கொண்டு வா."

திரும்பி வரும்போது பெட்டியை முன் சீற்றில் வைத்து சீற் பெல்ற் போட்டேன். வீட்டில் அது என் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வெளிப்பக்கத்தில் துரு இருக்கிறது, பெயின்ற் உரிந்திருக்கிறது. நான் ஒரு துணியாலும் அதைத் துடைக்கவில்லை. இதை நீ அம்மாவிடம் கேட்டு உறுதிப்படுத்தலாம். அவர்தான் துடைக்கத் துணியோடு வந்தவர், நான் மறித்தேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்புக் காணாது. ஆனாலும் கலியாணம் கட்டப் போகிறாய், ஒன்று சொல்கிறேன். நீயும் ஒருநாள் நல்ல மனதோடு எதையாவது தேய்த்துக் கெடுப்பாய். என் பிள்ளை, கட்டாயம் கெடுப்பாய். அன்றைக்கு உன் கையில் அந்தப் பஞ்ச் பெட்டி இருக்கும், அதே மாதிரி அடித்து வைக்கவும் தெரியும், அவளும் நம்புவாள். அப்போது மரத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு போய் அவள் முன்னால் வை. ஒன்பது மணித்தியாலம் ஓட வேண்டியிருந்தாலும் போ. வரி அலுவலகத்து இங்கிலிஷ் வேண்டாம்.

இன்னொன்று, இது என் சுயநலம். கலியாணம் முடிந்து நீங்கள் இருவரும் டூங்கபிக்குத்தான் போகிறீர்கள். டெறிக்கின் வீடு உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார். அவர் மாத்திரை போடுகிறாரா, படியில் கைப்பிடி உறுதியாக இருக்கிறதா, குளிருக்கு ஹீற்றர் வேலை செய்கிறதா என்று பார். நான் முதலில் போனால், அந்தத் தகரப் பெட்டியை நீதான் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், தாளையும் சேர்த்து. அவர் முதலில் போனால் துவக்கு எனக்கு வரும். நான் லைசன்ஸ் எடுக்க வேண்டும், சோதனை எழுத வேண்டும், நிலத்தோடு ஓர் இரும்பு அலுமாரி பூட்ட வேண்டும். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே தப்ப ஒரு வழிதான் இருக்கிறது, டெறிக் சாகக்கூடாது.

அதனால் போன வெள்ளிக்கிழமை கோயிலில் உங்கள் இருவர் பெயருக்கும் அர்ச்சனைச் சீட்டு எடுக்கும்போது மூன்றாவதாக ஒன்றும் எடுத்தேன். ஐயர் பெயர் கேட்டார், சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். வெளியே வந்து டெறிக்குக்குப் போன் அடித்து, எத்தனை மணிக்குப் பிறந்தீர்கள் என்று கேட்டேன். "ஏன்?" என்றார். கோயிலில் கேட்கிறார்கள் என்றேன். "அண்டைக்கு நல்ல மழை எண்டு அம்மா சொன்னவ" என்றார். "அதுக்கு மேல தெரியாது." உள்ளே போய் ஐயரிடம் அதையே சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், பூவைக் கையில் எடுத்தார், மணியை அடித்துக்கொண்டு "டெறிக் நாமதேயஸ்ய" என்று தொடங்கினார். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்ற உன் அம்மா கண்ணைத் திறந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அது முழுசாகக் கூடாது, முழுசாகக் கூடாது என்று கும்பிட்டேன்.

அப்பா